நனைந்தவர்கள் பேசாத கதை

கொரியக் கிராமங்களில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. இரவில் படுக்கையை நனைத்துவிட்ட பிள்ளையின் தலையில் காலையில் முறத்தைக் கவிழ்த்து, கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து, பக்கத்து வீட்டில் உப்பு வாங்கி வரச் சொல்லி அனுப்புவார்கள். முறத்தோடு வாசலில் நிற்கும் பிள்ளையைப் பார்த்ததுமே அந்த வீட்டுக்காரிக்கு விஷயம் விளங்கிவிடும். உப்பைப் போடுவாள். முறத்தின் மேல் கரண்டியால் நாலு தட்டுத் தட்டி, இனிமேல் இப்படிச் செய்வாயா என்று ஓர் அதட்டலும் போடுவாள். பிள்ளை அழுதுகொண்டே வீடு திரும்பும். உப்பு தீட்டைக் கழிக்கும் என்பது ஒரு விளக்கம். வெட்கப்பட்டால் பழக்கம் நிற்கும் என்பது இன்னொன்று. இன்று கொரியாவில் நாட்டார் விழாக்களில் பிள்ளைகளுக்கு முறம் மாட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்கு அது ஒரு செல்ல நினைவு. அந்த நினைவில் பிள்ளையின் பங்கு என்ன என்று யாரும் கேட்பதில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவின் தஹோமியில், அதாவது இன்றைய பெனினில், இதே எண்ணம் இன்னும் கடுமையான உருவம் எடுத்தது. அங்கே போய் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் 1938-இல் வெளியிட்ட நூலில் அதைப் பதிந்திருக்கிறார். நாலைந்து வயதாகியும் படுக்கையை நனைக்கும் பிள்ளையின் தலையில் சாம்பல் கரைத்த நீரை ஊற்றித் தெருவில் துரத்துவார்கள். தெருப் பிள்ளைகள் கை தட்டிப் பாடிக்கொண்டே பின்னால் ஓடுவார்கள். இடுப்பில் உயிருள்ள தவளையைக் கட்டிப் பயமுறுத்துவதும் உண்டு. முறமும் தவளையும் ஒன்றையொன்று அறியாத இரண்டு ஊர்களில் பிறந்தவை. இருந்தும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: இரவில் வீட்டுக்குள் நடந்ததைப் பகலில் ஊரறியச் செய்துவிட்டால் பிள்ளை தன்னை அடக்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கை உண்மையாக இருந்திருந்தால், கண்டிப்பான ஊர்களில் படுக்கை நனைப்பது குறைவாகவும் கண்டிப்பில்லாத ஊர்களில் அதிகமாகவும் இருந்திருக்க வேண்டும். கணக்குகள் அப்படிச் சொல்லவில்லை. ஹாங்காங்கில் 5 முதல் 19 வயது வரையுள்ள 16,512 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியான ஆய்வில், ஐந்து வயதுப் பிள்ளைகளில் சுமார் 16 சதவீதம் பேரும் ஏழு வயதில் சுமார் 10 சதவீதம் பேரும் இரவில் நனைப்பவர்களாக இருந்தார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1990-களின் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் பெரிய ஆய்வில், ஏழரை வயதில் எப்போதாவது நனைப்பவர்கள் 15.5 சதவீதம், அவர்களில் வாரம் இரண்டு முறையாவது நனைப்பவர்கள் மொத்தத்தில் 2.6 சதவீதம். எத்தனை முறை நனைத்தால் கணக்கில் சேர்ப்பது என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுவதால் எண்களை நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியாது. ஆனாலும் முப்பது பிள்ளைகள் உள்ள ஓர் ஒன்றாம் வகுப்பில் மூன்று நான்கு பேராவது இரவில் நனைப்பவர்களாக இருக்கக்கூடும் என்று சொல்லலாம். பிள்ளைகளின் உடம்பு ஊருக்கு ஊர் பெரிதாக மாறவில்லை. படுக்கையின் ஈரத்தை யார் பார்க்கிறார்கள், பார்த்தபின் என்ன பேசுகிறார்கள் என்பதுதான் மாறியது. இதைப் பற்றி உலகம் நிறையப் பேசியிருக்கிறது. பேசியவர்களில் பெரும்பாலோர் வைத்தியர்கள், வளர்த்தவர்கள், துவைத்தவர்கள், அடித்தவர்கள். நனைத்தவர்கள் வாய் திறக்கப் பெரும்பாலும் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கின்றன.

வைத்தியர்களின் பேச்சுதான் மிகப் பழையது. கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸ் சுவடியிலேயே சிறுநீர் அடங்காத பிள்ளைக்கு மருந்து இருக்கிறது. ரோமானியரான பிளினி, வேகவைத்த எலியைப் பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார். ஆங்கிலத்தில் வந்த முதல் குழந்தை மருத்துவ நூலை 1540-களில் எழுதிய தாமஸ் ஃபேயர் இதற்கென்று தனிப் பகுதியே ஒதுக்கினார். சேவலின் குரல்வளையைச் சுட்டுப் பொடித்துக் கொடுக்கலாம், முள்ளெலியின் விதையைப் பொடித்துக் கொடுக்கலாம், ஆட்டுக் குளம்பையும் பொடிக்கலாம் என்பது அவர் யோசனை. நம் பக்கம் ஆயுர்வேத நூலான சாரங்கதர சம்ஹிதை பிள்ளைப் பிணிகளின் வரிசையில் சய்யாமூத்திரம் என்று இதையும் சேர்த்திருக்கிறது. இந்த மருந்துகள் கேட்டிருக்காது. ஆனால் இந்த நூல்களில் ஒரு நல்ல குணத்தைக் காண்கிறேன்: அவை இதை நோயாகப் பார்த்தன, குற்றமாகப் பார்க்கவில்லை. எலி தின்ன நேர்ந்த ரோமானியப் பிள்ளை பாவம்தான். என்றாலும் அதன் குணத்தை யாரும் குறை சொல்லவில்லை.

குற்றமாகப் பார்த்த காலத்துக்கு ஒரு சாட்சி உண்டு. 1911-இல் எரிக் பிளேர் என்ற எட்டு வயதுச் சிறுவனை இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் செயின்ட் சிப்ரியன்ஸ் என்ற உறைவிடப் பள்ளியில் சேர்த்தார்கள். பின்னாளில் ஜார்ஜ் ஆர்வெல் என்ற பெயரில் உலகம் அறிந்த எழுத்தாளர் அவர்தான். பள்ளிக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அவன் படுக்கையை நனைக்கத் தொடங்கினான். வீட்டில் விட்டுப்போன பழக்கம் அது. ஒவ்வோர் இரவும் இன்று நனைக்கக் கூடாது என்று மன்றாடி வேண்டிக்கொண்டு படுத்தான், பலிக்கவில்லை. ஒருநாள் தலைமையாசிரியரின் மனைவி, பள்ளிக்கு வந்திருந்த ஒரு பெண்மணியின் முன் அவனை நிறுத்தி, தினமும் படுக்கையை நனைக்கும் பையன் இவன்தான் என்று அறிமுகம் செய்தார். மறுபடி நனைத்தால் ஆறாம் படிவத்து மாணவர்களை விட்டு அடிக்கச் சொல்வேன் என்றார். ஆறாம் படிவத்துக்கு அவர் சொன்ன ‘சிக்ஸ்த் ஃபார்ம்’ என்ற ஆங்கிலச் சொல் பையன் காதில் ‘மிஸஸ் ஃபார்ம்’ என்று விழுந்தது. எதிரே குதிரை சவாரி உடையில் நின்ற அந்தப் பெண்மணிதான் மிஸஸ் ஃபார்ம், தன்னை அடிக்கவே வரவழைக்கப்பட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். அப்படி ஓர் ஏற்பாட்டில் அவனுக்கு எந்த ஆச்சரியமும் தோன்றவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி தன் ரகசியத்தைத் தெரிந்துகொண்டாள் என்ற கூச்சம்தான் அடியைப் பற்றிய பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

பிறகு தலைமையாசிரியர் குதிரைச் சவுக்கால் அடித்தார். வெளியே வந்த பையன் வலிக்கவில்லை என்று கூட்டாளிகளிடம் சொன்னது உள்ளே கேட்டுவிட்டது. திரும்ப அழைத்து, சவுக்கின் பிடி உடைந்து தெறிக்கும்வரை அடித்தார். அப்போது பையன் அழுதான். அழுகைக்குக் காரணம் வலி மட்டுமல்ல என்று ஆர்வெல் எழுதுகிறார். நல்லவனாக இருக்கவே முடியாத ஓர் உலகத்தில் வந்து விழுந்துவிட்டோம் என்ற உணர்வு. பாவம் என்பது நாமாகச் செய்வது மட்டுமல்ல, நமக்கு நேர்வதாகவும் இருக்கலாம் என்ற கண்டுபிடிப்பு. இன்னொரு முறை நனைத்தான், இன்னொரு முறை அடி வாங்கினான், அதோடு நின்றது. இந்தக் காட்டு வைத்தியம் பலிக்கத்தான் செய்கிறது போலும், விலைதான் பெரிது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அவருடைய நேர்மைக்கு மரியாதை செலுத்திக்கொண்டே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வயதில் எந்த வைத்தியமும் இல்லாமலே ஆண்டுக்கு ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்கு இது தானாக நின்றுவிடுகிறது. புது இடத்தின் கலக்கத்தில் திரும்பிய பழக்கம் இடம் பழகியதும் போவதும் சாதாரணம். அடித்த பிறகு நின்றதால் சவுக்குக்குப் பெயர் கிடைத்தது. உலகெங்கும் அடியும் சூடும் அவமானமும் மருந்து என்று பேர் வாங்கியது இப்படித்தான் என்று நினைக்கிறேன். இவ்வளவையும் சொல்லும் கட்டுரை 1952-இல், ஆர்வெல் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்காவில்தான் முதலில் அச்சானது. அவதூறு வழக்குக்கு அஞ்சி இங்கிலாந்தில் அதை வெளியிட 1968 வரை காத்திருந்தார்கள்.

ஆர்வெலின் பள்ளி காசு கட்டிப் படிக்கும் பள்ளி. கேட்க நாதியில்லாத பிள்ளைகளை அடைத்து வைத்த இடங்களில் நடந்தது இதைவிடக் கொடுமை. அயர்லாந்தில் திருச்சபை அமைப்புகள் நடத்திய தொழிற்பள்ளிகளைப் பற்றி 2009-இல் வெளியான ரயன் அறிக்கையைப் படித்தால் ஈர விரிப்பு திரும்பத் திரும்ப வருகிறது. நனைத்த பிள்ளைகளைத் தனியே வரிசையில் நிறுத்துவது, நனைந்த விரிப்பைத் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் முன் நடக்கவிடுவது, அடிப்பது என்று பல விடுதிகளிலிருந்தும் முதியவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். கனடாவில் பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளை விசாரித்து, உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் தந்த இறுதி அறிக்கையிலும் இதே காட்சி: ஈர விரிப்பைத் தலையில் சுற்றி நிற்க வைப்பது. இரண்டு நாடுகள், இரண்டு நிர்வாகங்கள், ஒரே தண்டனை. தாயைப் பிரிந்த பிள்ளை நனைக்கும். நனைத்ததற்காக அடித்தால் இன்னும் நனைக்கும். இரண்டையும் செய்தவர்கள் அந்த விடுதிக்காரர்களே. சாட்சி சொன்னவர்கள் பலரும் பேரன் பேத்தி எடுத்த வயதில்தான் முதல்முறையாக இதைப் பிறரிடம் சொன்னார்கள்.

ஒரு தேசமே இதைப் பற்றிப் பேசிய நேரமும் ஒன்று உண்டு. 1939 செப்டம்பரில் ஜெர்மானிய விமானங்களுக்கு அஞ்சி பிரிட்டன் தன் நகரங்களிலிருந்து சுமார் 15 லட்சம் பேரை ஒருசில நாளில் கிராமங்களுக்கு அனுப்பியது. பெரும்பாலோர் பிள்ளைகள். முன்பின் தெரியாத வீடுகளில், தெரியாத கட்டில்களில் படுத்த அந்தப் பிள்ளைகள் மெத்தைகளை நனைத்தார்கள். புகார்கள் குவிந்தன. மருத்துவ இதழ்களிலும் உள்ளூர் நிர்வாகங்களிலும் இது பெரிய பேச்சானது. ரப்பர் விரிப்புக்குத் தட்டுப்பாடு வந்தது. 1940-இல் அரசு, நனைக்கும் பிள்ளையை வைத்திருக்கும் வீட்டுக்குச் சலவைச் செலவாக வாரம் 3 ஷில்லிங் 6 பென்ஸ் கூடுதலாகத் தர முன்வந்தது. அந்தக் காலத்தின் சமூகக் கொள்கை வரலாற்றை எழுதிய ரிச்சர்டு டிட்மஸ் தன் 1950-ஆம் ஆண்டு நூலில் இந்த விஷயத்துக்குப் பல பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார். போர்க்கால நிர்வாகத்தைப் பற்றிய அரசு வரலாற்றில் மூத்திரத்துக்கு இத்தனை இடமா என்று தோன்றலாம். அவர் கொடுத்த இடம் சரியானது.

வசதியான வீட்டுக்காரிகள் அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசியபோது, அவர்கள் உண்மையில் பேசியது நகரத்துச் சேரிகளைப் பற்றி. இந்தப் பிள்ளைகளுக்கு வளர்ப்புச் சரியில்லை, இவர்களுடைய தாய்மார்களுக்குச் சுத்தம் தெரியாது என்ற முடிவுக்கு ஈர மெத்தை ஆதாரமாக்கப்பட்டது. தன் வீட்டில் நனைக்காமல் இருந்த பிள்ளை இங்கே ஏன் நனைக்கிறது என்று கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும். அதே காலத்தில் லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் போர்க்காலக் காப்பகங்களை நடத்திய அன்னா ஃப்ராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் பிள்ளைகளை நாள்தோறும் பக்கத்திலிருந்து பார்த்து எழுதினார்கள். தாய் அருகில் இருந்தால் குண்டுச் சத்தத்தைக்கூடப் பிள்ளை தாங்கிக்கொள்கிறது. தாயைப் பிரிவதைத்தான் தாங்கவில்லை என்பது அவர்கள் கண்டது. படுக்கை நனைவது அந்தப் பிரிவு உடம்பில் தெரியும் வழிகளில் ஒன்று.

ஆனால் மனவியலும் பிள்ளைகளுக்கு நல்லது மட்டும் செய்யவில்லை. சிக்மண்ட் ஃப்ராய்டு தம் ஆரம்ப நாள் நோயாளி ஒருவரின் கதையில் இந்தப் பழக்கத்தைச் சிறுவயதுப் பாலுணர்வோடு முடிச்சுப் போட்டார். 1963-இல் ஜான் மெக்டொனால்டு என்ற மனநல மருத்துவர், கொலை மிரட்டல் விடுத்த நோயாளிகளின் இளமையில் மூன்று பழக்கங்களைக் கண்டதாக எழுதினார்: விலங்குகளை வதைத்தல், தீ வைத்தல், படுக்கையை நனைத்தல். அந்த மூன்றும் சேர்ந்து போலீஸ் பயிற்சியிலும் துப்பறியும் கதைகளிலும் கொலைகாரனின் அடையாளமாக நிலைத்துவிட்டன. பின்னால் வந்த ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. உலகில் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு உள்ள ஒன்றை எதிர்காலக் கொலையின் அறிகுறி ஆக்கியதற்கு எந்த நியாயமும் கிடையாது. இன்றும் அது தொலைக்காட்சித் தொடர்களில் வருகிறது.

இதற்கிடையே உருப்படியான வேலை வேறொரு மூலையில் நடந்தது. 1904-இல் மெய்ன்ஹார்ட் ஃபான் ஃபௌண்ட்லர் என்ற ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் ஒரு கருவியைப் பற்றி எழுதினார். படுக்கை ஈரமானால் மின்சுற்று இணைந்து மணி அடிக்கும். தாதி வந்து துணி மாற்றலாம். தாதியின் வசதிக்காகச் செய்ததுதான். மணி அடித்துக்கொண்டிருந்த வார்டில் பிள்ளைகள் மெல்ல நனைப்பதையே விட்டுவிட்டதை அவர் கவனித்தார். 1938-இல் அமெரிக்காவில் ஹோபார்ட் மௌரரும் வில்லி மே மௌரரும் அதே யோசனையை மருத்துவமாக்கி 30 பிள்ளைகளுக்குப் பயன்படுத்தினார்கள். முப்பது பேருக்கும் பலன் கிடைத்ததாக எழுதினார்கள். துணியால் பிரித்த இரண்டு உலோக வலைகள், ஒரு மின்கலம், ஒரு மணி, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் மனப்போரைத் தீர்க்காமல் வெளிக்குறியை மட்டும் அடக்கினால் நோய் வேறு உருவில் வரும் என்று உளப்பகுப்பாய்வாளர்கள் எச்சரித்தார்கள். அப்படி எதுவும் வரவில்லை. நனைப்பது நின்ற பிள்ளைகள் முன்பைவிடத் தெம்பாகவே இருந்தார்கள். இன்று உள்ளாடையில் செருகும் சிறு உணரியாக அது சுருங்கிவிட்டது. ஒழுங்காகப் பயன்படுத்தினால் மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குப் பலன் தருகிறது. இரண்டு மூன்று மாதப் பொறுமை வேண்டும். மணி கேட்டுப் பிள்ளை பெரும்பாலும் எழுந்திருக்காது, பெற்றோர்தான் எழுந்து எழுப்ப வேண்டும். எனவே இது வீடு முழுவதும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் சிகிச்சை.

மணி அடித்தும் ஏன் எழுந்திருப்பதில்லை? இந்தப் பிள்ளைகள் அசந்து தூங்குபவர்கள், சோம்பேறிகள் என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். கடுமையாக நனைக்கும் பிள்ளைகளின் தூக்கத்தை அளந்து பார்த்த ஹாங்காங் மருத்துவர்கள் 2008-இல் வேறொன்றைச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளின் மூளை இரவில் அடிக்கடி கலைகிறது. விழிப்பு மட்டும் கைகூடுவதில்லை. ஆறு வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை சுமார் 210 மில்லி கொள்ளும். வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்குவது மருத்துவர்களின் கணக்கு. பெரும்பாலோருக்கு இரவில் வேசோபிரசின் என்ற ஹார்மோன் கூடுவதால் சிறுநீர் குறைந்து சுரக்கும். நனைக்கும் பிள்ளைகளில் பலருக்கு அந்த இரவு ஏற்றம் இல்லை என்பதை 1980-களில் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் மருத்துவர்கள் காட்டினார்கள். சுரப்பு அதிகம், பை சிறிது, விழிப்பு வராது. இந்த மூன்றில் இரண்டு சேர்ந்தாலே படுக்கை நனைந்துவிடும். மலச்சிக்கல் உள்ள பிள்ளைக்கு நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் சிக்கலைத் தீர்த்ததுமே நனைப்பது நிற்பதும் உண்டு. இரவில் கூடாத அந்த ஹார்மோனுக்கு ஈடாக டெஸ்மோபிரசின் மாத்திரை இருக்கிறது. மூக்கில் அடிக்கும் வகையால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தாகக் குறைந்ததால், இந்தப் பிரச்சினைக்கு அதைத் தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2007-இல் சொல்லிவிட்டது. மாத்திரை எடுக்கும் இரவுகளில் தண்ணீரை மட்டுப்படுத்துவது கட்டாயம்.

இன்னொரு செய்தி எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது. பெற்றோர் இருவருமே சிறுவயதில் நனைத்தவர்கள் என்றால் பிள்ளைக்கு அது வரும் வாய்ப்பு 77 சதவீதம். ஒருவர் என்றால் 44. இருவரும் இல்லையென்றால் 15. 1973-இல் வெளியான இந்தக் கணக்கை மருத்துவர்கள் இன்றும் எடுத்தாள்கிறார்கள். 1995-இல் டென்மார்க்கில் 13-ஆம் குரோமோசோமில் தடயம் கிடைத்தது. அப்படியென்றால் பிள்ளையை அடிக்கும் வீடுகளில் பலவற்றில், அடிப்பவரே ஒரு காலத்தில் அதே ஈரத்தில் விழித்தவர். அதைப் பிள்ளையிடம் சொல்வதில்லை. கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார். பிரேசிலில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், இதற்காகச் சிகிச்சைக்கு வந்த பிள்ளைகளில் பெரும்பகுதியினர் வீட்டில் ஏதோ ஒரு வகையில் திட்டோ அடியோ வாங்கியிருந்தார்கள். இது பிள்ளையின் தவறல்ல, தண்டிக்கக் கூடாது என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் எழுத வேண்டியிருந்தது.

பொறுப்பைப் பிள்ளையின் மேல் போடாத சமூகங்களும் இருக்கின்றன. கென்யக் கடற்கரையின் டிகோ மக்களிடையே தாய், பிறந்து சில வாரங்களிலேயே குழந்தையின் முகக்குறியையும் நெளிவையும் கவனித்துக் காலிடையில் பிடித்துச் சிறுநீர் போக வைப்பாள். ஐந்தாறு மாதத்தில் குழந்தை இரவும் பகலும் ஈரமின்றி இருப்பதாக 1977-இல் பதிந்திருக்கிறார்கள். சீனக் கிராமங்களில் கவட்டை திறந்த கால்சட்டையும் ‘ஷ்ஷ்’ என்ற ஒலியும் அதே வேலையைச் செய்தன. இவை பெரிய பிள்ளையின் இரவுப் பிரச்சினைக்கு மருந்தாகாது. ஆனால் கவனிக்க வேண்டியவள் தாய், குழந்தையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை என்ற மனநிலை அங்கே தொடக்கத்திலேயே இருக்கிறது.

நனைத்தவர்கள் பொதுவெளியில் பேசத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர் மைக்கேல் லாண்டன் 1976-இல் தன் கதையை வைத்தே ஒரு தொலைக்காட்சிப் படம் எடுத்தார். அவருடைய தாய் நனைந்த விரிப்பை ஊரார் பார்க்க ஜன்னலில் தொங்கவிடுவார். மற்ற மாணவர்கள் அந்தத் தெருவைக் கடக்கும் முன் அதை எடுத்துவிட வேண்டும் என்று அந்தச் சிறுவன் பள்ளி விட்டதும் ஓட்டமாக ஓடுவான். நடிகை சாரா சில்வர்மேன் 2010-இல் எழுதிய தன்வரலாற்று நூலில், பதின்பருவம்வரை நீடித்த இதையும் கோடை முகாம்களில் பட்ட அச்சத்தையும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். புகழ் என்ற பாதுகாப்பு கிடைத்த பிறகு வந்த பேச்சு இது. புகழ் இல்லாதவர்களுக்கு அந்த வசதி இல்லை.

நம் வீடுகளில் இப்போது அடி குறைந்திருக்கிறது. அதன் இடத்தில் ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்ற ஆறுதல் வந்திருக்கிறது. அன்பான சொல்தான், பெரும்பாலோருக்கு உண்மையும்கூட. எல்லோருக்கும் அல்ல. அதே ஹாங்காங் ஆய்வில் 19 வயதிலும் 2.2 சதவீதம் பேர் நனைத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து வயதில் நனைப்பவர்களில் ஏழில் ஒருவர்தான் தினமும் நனைத்தார். 19 வயதில் நனைப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தினமும் நனைத்தார்கள். லேசானது போய்விடுகிறது, கடுமையானது தங்கிவிடுகிறது. தினமும் நனைக்கும் ஏழு வயதுப் பிள்ளையிடம் காத்திரு என்று சொல்வது, சிகிச்சைக்கு நல்ல நேரத்தைக் கைநழுவ விடுவதாகும். 16 முதல் 40 வயது வரை உள்ள ஹாங்காங்வாசிகளிடம் தொலைபேசியில் விசாரித்தபோதும் 2.3 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். கல்லூரி விடுதிக்குப் போகாமல் வீட்டிலிருந்தே படித்தவர்கள், வெளியூர் வேலையை மறுத்தவர்கள், திருமணப் பேச்சைத் தள்ளிப்போட்டவர்கள் அவர்களில் இருப்பார்கள். காரணம் கேட்டால் வேறு ஏதாவது சொல்வார்கள். அவர்களுக்கும் மணி உண்டு, மாத்திரை உண்டு, சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் மருந்து உண்டு. தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா, சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனைகளும் உண்டு. மருத்துவரின் அறைக்குள் போய் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அதைத்தான் அவர்கள் இத்தனை வருடமாகச் சொல்லாமல் இருக்கிறார்கள்.